குளத்து அடிமண்ணும் சுண்ணாம்பும்

உழவன் நிலத்தைப் பண்படுத்தாது விதைப்பதில்லை. மீன் வளர்ப்போனுக்கும் இவ்விதி பொருந்தும். எனினும், புதிதாகக் குளம் வெட்டுவோர் பலர் நீரையும் மீனையும் பற்றி எண்ணுகின்றனரேயன்றி, நீருக்கு அடியில் மறையப்போகும் மண்ணைப் பற்றி எண்ணுகின்றிலர். அம்மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுதல் எதற்கு, எவ்வளவு, எவ்வாறு என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

சென்ற விடுமுறையில் சிதம்பரத்திற்குக் கிழக்கேயுள்ள சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஆங்கு ஒரு பெரியவர், மனைவியின் நகையை அடகு வைத்து, பத்துச் சென்ட் நிலத்தில் மீன்குளம் வெட்டியிருந்தார். "பண்ருட்டிப் பக்கத்துச் சம்பந்தி இதே அளவுக் குளத்துக்கு எண்பது கிலோ சுண்ணாம்பு போட்டாராம். நானும் அவ்வளவு வாங்கலாமா, தம்பி?" என்று எம்மை வினவினார். தமிழ் பயிலும் எமக்கு அன்று விடை தெரிந்திலது. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

முதற்கண், சுண்ணாம்பு இடுவதன் காரணம் யாதெனின் கூறுதும். குளத்து மீனுக்கு அடிப்படை உணவு நீரில் தோன்றும் நுண்ணிய பாசிகளே. அவற்றை நுண்ணுயிர்ப் பிராணிகள் உண்ண, அப்பிராணிகளைக் கட்லா முதலிய மீன்கள் உண்கின்றன. பாசி வளர மணிச்சத்து வேண்டும். அடிமண் புளிப்புடையதாயின், அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு விடா. எவ்வளவு எரு இடினும் நீர் பசுமையுறாது, மீனும் பெருக்காது. சுண்ணாம்பு அப்புளிப்பைத் தணித்து, மணிச்சத்தை விடுவிக்கின்றது. அன்றியும், பகலில் பாசி கரியமில வாயுவை உட்கொள்ளுதலாலும் இரவில் அதனை வெளியிடுதலாலும் நீரின் தன்மை ஏறி இறங்கும். சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் அவ்வேற்ற இறக்கம் மட்டுப்படும்.

இனி, அளவு. அமில கார நிலையை அளக்கும் 'பி.எச்.' என்னும் அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழ்ப்பட்டது அமிலம், மேற்பட்டது காரம். ஓர் எண் குறையின் அமிலம் பத்து மடங்கு மிகும். மண் 5 அளவில் இருப்பின், ஹெக்டேருக்குச் சுமார் 2000 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் இடுதல் வழக்கம். பத்துச் சென்ட் குளத்திற்கு இது ஏறத்தாழ 80 கிலோவாகும். 7 அளவை ஒட்டிய மண்ணுக்கு ஹெக்டேருக்கு 200 கிலோ அளவே போதும். பத்துச் சென்ட்டுக்கு 8 கிலோ. அளவுகோலில் இரண்டு எண் வேறுபட, செலவு பத்து மடங்கு வேறுபடுதல் காண்க. ஒரே எண்ணிலும், மணற்பாங்கான மண்ணைவிடக் களிமண்ணுக்கு மிகுதியாக வேண்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கடலூர் மாவட்டத்தில் மண் ஒரு தன்மையதன்று. கடலூரை அடுத்த கேப்பர் மலை, பண்ருட்டி, நெய்வேலிப் பக்கங்களில் முந்திரி விளையும் செம்மண் மேட்டுநிலம் பெரும்பாலும் புளிப்புச் சார்ந்தது. வீராணம் ஏரி பாயும் சிதம்பரத்து வண்டல் களிமண்ணோ நடுநிலையோ காரமோ உடையது. காரமண்ணில் சுண்ணாம்பை மிகுதியாக இடின் தீங்கே விளையும். நண்பகலில் நீரின் காரம் மேலும் ஏற, கழிவிற் பிறக்கும் அம்மோனியா மீனுக்கு நஞ்சாகும். மணிச்சத்தும் சுண்ணத்தோடு கூடிக் கீழே படிந்துவிடும்.

மூன்றாவது வகை மண்ணும் ஒன்று உண்டு. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் சதுப்பு நிலத்தது. பிச்சாவரத்தில் இன்றும் காணலாம். அத்தகைய சதுப்பு மண்ணில் இரும்பும் கந்தகமும் கூடிய கனிமம் இருத்தல் உண்டு. நீருக்கடியில் அது தீங்கற்றது. வெட்டிக் காயவிட்டாலோ காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாக மாறும். பிற குளங்களுக்கு நன்மையாகிய காய்ச்சலே இம்மண்ணுக்குக் கேடாதலின், ஆங்குக் குளம் வெட்டாமையே நன்று.

சுண்ணாம்பின் வகைகளைத் தமிழ்ச் சொற்களே பிரித்துக் காட்டுகின்றன. கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டெடுத்தது சுட்ட சுண்ணாம்பு. அதனை நீரிட்டுப் பொடியாக்குதல் நீற்றுதல். அங்ஙனம் ஆயது நீற்றின சுண்ணாம்பு. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் தூள் தணிக்கும் அமிலத்தை 74 கிலோ நீற்றின சுண்ணாம்பும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் தணிக்கும். ஆகவே, எடை கூறுவோர் வகையையும் கூறுதல் வேண்டும்.

இடும் முறை வருமாறு: குளத்தின் பல இடங்களில் அடிமண் எடுத்துக் கலந்து, பரிசோதனை செய்வித்தல் முதல் வேலை. புதுக்குளத்தின் அடியில் இருப்பது மேல்மண் அன்று, கீழ்மண். ஆதலின், வயலுக்குச் செய்த பழைய பரிசோதனை உதவாது. பின்னர்க் காற்றடங்கிய வேளையில், அடியிலும் உட்கரைச் சரிவிலும் சுண்ணாம்பைச் சீராகத் தூவி, மேலாகக் கிளறிவிடுதல் வேண்டும். சுட்ட சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்படுத்தும்; மூக்கையும் கண்களையும் காத்துக்கொள்க. நீற்றுங்கால் நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுக. சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றற்க. சாணம், உரம் ஆகியவற்றை உடனே இடாது ஒரு வாரமேனும் பொறுத்தல் நலம். நீர் நிரப்பியபின், அதன் தன்மை நிலைப்பட்டதைக் கண்டே மீன் குஞ்சுகளை விடுக.

பெரியவர் குளத்து மண்ணைப் பரிசோதித்ததில், அது 8 என்னும் அளவை ஒட்டியிருந்தது. சம்பந்தியின் செம்மண் குளத்திற்கு மருந்தாகிய எண்பது கிலோ, இவர் குளத்திற்கு வீண் செலவும் தீங்குமாய் முடிந்திருக்கும். "மண்ணைக் கேட்காம மனுசரைக் கேட்டேனே, தம்பி" என்று அவர் நகைத்தார்.

விதைப்பவன் உவமையில் விதை ஒன்றே, நிலங்களே வேறு. அவ்வேறுபாட்டை முன்னறிந்து அதற்கேற்பச் செய்தலே அறிவுடைமை. நம் ஊர்களில் குளம் வெட்டுவோர்க்கு இவ்வொன்றையேனும் நாம் எடுத்துரைப்போமாயின், கற்ற கல்வி ஒருவர் நகையையாவது மீட்டுத் தரும்.