தாழ்ப்பாளாகும் காந்தம்

வடகிழக்குப் பருவமழையின்போது சத்தியவேட்டுப் பகுதியில் பெருங்காற்று வீசி மின்சாரம் தடைப்படுகிறது என்று கொள்வோம். மின்காந்தத்தால் இயங்கும் விசைகளில் ஒரு வகை அக்கணமே திறந்துவிடும். மற்றொரு வகையோ, மின்சாரம் நின்றபோது எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே இருக்கும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஒரு சிறு நிலைக்காந்தமே.

சாதாரண ரிலே

தேனிரும்புத் தண்டின்மீது காப்பிட்ட கம்பியைச் சுற்றி மின்னோட்டம் செலுத்தினால் தண்டு காந்தமாகி, ஆர்மெச்சர் எனப்படும் இரும்புத் தகட்டை இழுக்கிறது, தொடுமுனைகள் கூடுகின்றன. மின்னோட்டம் நின்றதும் சுருள்வில் தகட்டைப் பழைய இடத்திற்குத் திருப்பிவிடுகிறது. ஆகவே, விசை மூடியிருக்கும் வரை கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருத்தல் வேண்டும். கிணற்று மோட்டாரின் காந்த ஸ்டார்ட்டர் இவ்வகையினது. மின்சாரம் திரும்பினாலும், பொத்தானை மறுபடி அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது. இது பாதுகாப்பான ஏற்பாடாகும்.

நிலைக்காந்தத்தின் பணி

இரண்டாம் வகையில் ஆர்மெச்சருக்கு இரண்டு ஓய்வு நிலைகள் உண்டு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிலைக்காந்தம் அதை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. கம்பிச்சுருளில் ஒரு கணம் மின்னோட்டம் செலுத்தினால், அதன் காந்தப்புலம் ஒரு பக்கத்தில் நிலைக்காந்தத்தின் புலத்தோடு கூடியும் மறுபக்கத்தில் அதைக் குறைத்தும் ஆர்மெச்சரை இடம் மாற்றுகிறது. மின்னோட்டத்தை எதிர்த்திசையில் செலுத்தினால் அது பழைய இடத்திற்குத் திரும்புகிறது. கதவைச் சாத்த ஒருவர் வேண்டும். தாழிட்ட பின் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டுவதில்லை அன்றோ?

நிலைக்காந்தம் சேர்ந்த ரிலேக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்தி முறையிலேயே பயன்பட்டன. இன்று வெற்றிட மின்முறிப்பான்கள் சிலவற்றிலும், மின்சக்தியைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய செயற்கைக்கோள்களிலும் இத்தத்துவம் உதவுகிறது. சத்தியவேட்டிற்கு வடகிழக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் செயற்கைக்கோள்களை நினைத்துப் பார்த்தால் இச்சிக்கனத்தின் அருமை விளங்கும்.

ஒரு கணக்கு

மத்திய அரசு 2021-இல் தொடங்கிய மின்வினியோகச் சீரமைப்புத் திட்டம், 25 கோடி முன்கட்டணத் திறன் மீட்டர்களைப் பொருத்துவதை இலக்காகக் கொண்டது. தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் சேர்க்கவும் இம்மீட்டருள் ஒரு விசை உண்டு. அது சாதாரண ரிலேயாக இருந்து, 1 வாட் மட்டுமே செலவிடுவதாகக் கொள்வோம். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் ஒரு மீட்டருக்கு 8.76 யூனிட் செலவாகும். 25 கோடி மீட்டர்களும் சேர்ந்து எந்நேரமும் 250 மெகாவாட் கேட்கும். நிலைக்காந்த ரிலேயோ, நிலை மாறும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே மின்சக்தி கொள்ளும். ஆதலால் இவ்வகை ரிலேயே இம்மீட்டர்களுக்கு ஏற்றதாயிற்று.

களப்பணியாளர் கவனத்திற்கு

நன்மை தரும் இப்பண்பே கவனக்குறைவு நேர்ந்தால் ஆபத்தாகவும் முடியும். மின்தடையின்போது மூடியிருந்த விசை மூடியே இருப்பதால், வழியில் மின்சாரம் திரும்பியவுடன் அது வீட்டிற்குள்ளும் பாய்ந்துவிடும். விளக்கு அணைந்திருப்பதைக் கண்டு விசை திறந்திருப்பதாக எண்ணலாகாது. விசை திறந்திருந்தாலும் மீட்டரின் உள்வரும் முனைகளில் மின்சாரம் இருக்கும். எனவே, பணி தொடங்குமுன் மீட்டருக்கு முன்னுள்ள இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதி செய்துகொள்ள வேண்டும். மீட்டரிலுள்ள விசையை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடுதல் கூடாது.

வகுப்பறைச் சோதனை

ஓர் இரும்புப் போல்ட்டின்மீது எனாமல் பூசிய கம்பியை இருநூறு சுற்றுகள் சுற்றி, முனைகளில் எனாமலைச் சுரண்டி, போல்ட்டைச் செங்குத்தாகப் பொருத்துக. அதன் அடிமுனையில் சிறு காந்தம் ஒன்றை ஒட்டவிட்டு, இடையே அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகுக. காந்தம் விழாமல் தாங்கும் கடைசி நிலையில் நிறுத்துக. கீழே சற்றுத் தள்ளி ஓர் இரும்புத் தகட்டை வைக்கவும். இப்போது 1.5 வோல்ட் மின்கலத்தைக் கம்பி முனைகளில் ஒரு கணம் தொடுக. ஒரு திசையில் காந்தம் விழாது. முனைகளை மாற்றித் தொட்டால் விழுந்து தகட்டில் ஒட்டிக்கொள்ளும். மின்கலத்தை அகற்றிய பிறகும் அது அங்கேயே இருப்பதை மாணவர்க்குச் சுட்டிக்காட்டுக. கம்பி விரைவில் சூடேறுமாதலால் நீண்ட நேரம் தொடலாகாது.

மின்னோட்டம் நிலையை மாற்றுகிறது. மாறிய நிலையைக் காப்பது நிலைக்காந்தம். மின்சாரம் நின்ற பின்னும் அது காத்துக்கொண்டிருக்கிறது என்பதை மாணவர் விளங்கிக்கொள்ளவும், களப்பணியாளர் மறவாதிருக்கவும் வேண்டும்.