சன்னலோரத் தொட்டியில் பாலக் கீரை

போன ஐப்பசியில் எங்க வீட்டம்மா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து சென்னையில் மகன் வீட்டில் நாலு மாதம் தங்க வேண்டியதாயிற்று. மூன்றாவது மாடி, பால்கனி கிடையாது. மொட்டை மாடியில் தொட்டி வைக்க அனுமதியும் இல்லை. கடைக் கீரையைக் கையில் எடுத்ததும் மோந்து பார்த்துவிட்டு, "மருந்து வாடை அடிக்குதுங்க, எனக்கு வேணாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டார். பத்து வருஷமாகத் தன் பாத்தியில் பறித்த கீரையைத் தவிர வேறு தின்னாத ஆள். சரி, வீட்டுக்குள்ளேயே வளர்த்துக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். இரண்டு முறை தோற்றேன். அந்தத் தோல்விகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் முறை சிறுகீரை விதைத்து, தொட்டியைக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். மூணாம் நாளே முளைத்தது. பத்தாம் நாள் பார்த்தால் நூல் மாதிரி நீண்டு, சன்னல் பக்கம் சாய்ந்து, எல்லாம் படுத்துவிட்டது. சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாமே ஒரே குடும்பம், வெயில் குடித்து வளரும் பயிர்கள். வீட்டுக்குள் அவை தேறாது. கொஞ்சம் நிழல் தாங்குவது பாலக்கும் வெந்தயக்கீரையும்தான். (நம்ம ஊரில் பாலக் என்று விற்பது பீட்ரூட்டின் உறவு. வெளிநாட்டார் சொல்லும் ஸ்பினாச் வேறு செடி. அது குளிர் கேட்கும்.)

நிழல் தாங்கும் என்றாலும் வெளிச்சம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. நம்ம கண் ஏமாற்றும். கூடம் நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். செல்போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி அளந்தேன். கூடத்தின் நடுவில் 150 லக்ஸ், சன்னலிலிருந்து இரண்டடி உள்ளே 3,000, சன்னல் விளிம்பில் வெயில் விழும்போது 40,000. வெளியே நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் வரும். கணக்கு அங்கேயே முடிந்துபோச்சு: தொட்டி சன்னலை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

எந்தச் சன்னல் என்பது மாதத்தைப் பொறுத்தது. கார்த்திகை, மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குச் சன்னலில் வெயில் உள்ளே வரும். ஆனி, ஆடியில் அதே சன்னல் நிழலாகிவிடும். அப்போது வடக்குச் சன்னலில் காலையும் மாலையும் சாய்வெயில் விழும். கிழக்குச் சன்னல் வருஷம் முழுக்கக் காலை வெயில் தரும். வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் கிழக்கு இருந்தால் நல்லது.

இரண்டாவது முறை பாலக். சன்னலோரம் பெஞ்சு போட்டு வைத்தேன். ஆனால் ஆர்வக்கோளாறில் தினம் இரண்டு வேளை தண்ணீர், வாரம் இரண்டு முறை பஞ்சகவ்யம். நாற்றெல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. கட்டிலில் படுத்தபடியே அம்மணி சொன்னார்: "மண்ணுல விரல வெச்சுப் பாத்தீங்களா? அது தண்ணி கேக்கவே இல்லீங்க." வீட்டுக்குள் காற்றும் வெயிலும் குறைவு, தண்ணீர் லேசில் ஆவியாகாது. விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். எங்களுக்கு மூன்று நாளைக்கு ஒரு தரம் போதுமாக இருந்தது.

பஞ்சகவ்ய விஷயம் இன்னும் முக்கியம். வெளிச்சம் குறைந்த இடத்தில் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால், செடியால் அதைப் புரதமாக மாற்ற முடியாது. இலையில் நைட்ரேட்டாகவே தேக்கி வைத்துக்கொள்ளும். யூரியா போட்டாலும் இதுதான், நம்ம கரைசலை அளவு மீறி ஊற்றினாலும் இதுதான். இயற்கை என்பதற்காக அளவு இல்லாமல் போய்விடாது. வீட்டுக்குள் வளர்த்த கீரையைக் காலையில் அறுக்காமல், பகல் வெளிச்சம் வாங்கிய பிறகு சாயங்காலம் அறுங்கள், நைட்ரேட் குறைந்திருக்கும். பாலக்கில் ஆக்சலேட் இயல்பிலேயே அதிகம். கல்லடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடவும். மற்றவர்களும் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது.

மூன்றாவது முறைதான் உருப்படியாக வந்தது. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், அரையடி ஆழத்தில் மூன்று தட்டுகள். அடியில் விரல்கனத் துளைகள், கீழே தண்ணீர் பிடிக்க ஒரு தாம்பாளம். வெறும் தோட்டமண் மட்டும் போட்டால் ஈரத்தோடு ஒரு தட்டு 45 கிலோவுக்குக் குறையாது, தூக்க ஆள் வேண்டும். அதனால் பாதிக்குத் தென்னைநார்க் கழிவு, கால் பங்கு மண்புழு உரம், கால் பங்கு செம்மண். நார்க்கழிவை இரண்டு முறை தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிடுங்கள். இளஞ்சிவப்புச் சாயம் பூசிய விதை வேண்டாம். அது பூஞ்சாணக்கொல்லி கலந்தது.

பாலக் விதை என்று நாம் போடுவது ஒரு முடிச்சு. ஒன்றிலிருந்து இரண்டு மூன்று செடி வரும். ராத்திரி ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில், நாலு விரல் இடைவெளியில் ஊன்றினேன். முளைக்க ஒரு வாரம் ஆயிற்று. நெருக்கமாக வந்ததைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டிக் கலைத்தேன். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தட்டைத் திருப்பி வைத்தால் ஒருபக்கம் சாயாது. போகியன்று, 39ஆம் நாள், முதல் அறுப்பு: 340 கிராம். வெளி இலைகளை மட்டும் எடுத்து, நடுக்குருத்தை விட்டுவிட்டோம். அம்மணி அன்றைக்கு இரண்டாவது தரம் சோறு கேட்டு வாங்கினார். ஊர் திரும்புவதற்குள் நாலு அறுப்பில் மொத்தம் 1 கிலோ 450 கிராம்.

மழை மேகம் மூடிய நாட்களுக்காக 20 வாட் எல்இடி குழல்விளக்கு இரண்டு, முக்கால் அடி உயரத்தில் தொங்கவிட்டால் என்ன என்று மகன் கேட்டான். வங்கிக்காரன் புத்தி, உடனே பென்சிலை எடுத்தேன். தினம் 12 மணி நேரம் எரித்தால் மாதம் 14.4 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் 86 ரூபாய். எங்கள் மூன்று தட்டின் விளைச்சலுக்கு அது கட்டாது. வெளிச்சமே வராத வீட்டில், மருந்தில்லாத கீரை கட்டாயம் வேண்டும் என்பவர்கள் செய்யலாம். விளக்கும் தட்டுமாகப் பெட்டியில் கட்டி ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, அதை வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அசுவினி ஒரு முறை வந்தது. இலையின் அடிப்பக்கம் ஈரத்துணியால் துடைத்ததிலேயே போய்விட்டது. மூன்று தட்டுக்கு மருந்து எதற்கு?

பங்குனியில் ஊருக்கு வந்துவிட்டோம். தட்டுகள் மருமகள் கையில். பாலக் வேர் தடித்து, இலை சிறுத்துவிட்டதாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேல்மண்ணைக் கிளறி, இரண்டு கை மண்புழு உரம் சேர்த்து வெந்தயம் தூவச் சொல்லியிருக்கிறேன். மூன்று வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும்.