மடல் போய்ச் சேர வேண்டும்

அன்புள்ள தங்கைக்கு,

கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலை நடத்தும் பொறுப்பு உனக்கு வந்ததில் மகிழ்ச்சி. எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறாய். முதலில் ஒன்றை முடிவுசெய்: உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவா, சங்கம் மட்டும் செய்தி அனுப்பவா?

பேசிக்கொள்ள என்றால் மெயில்மேன், சிம்பா போன்றவை. 1986-இல் எரிக் தாமஸ் எழுதிய லிஸ்ட்செர்வ் தொடங்கிவைத்த மரபு இது. ஒருவர் எழுதுவது எல்லோருக்கும் போகும். மட்டுறுத்தலும் பழைய மடல்களின் காப்பகமும் உண்டு. மெயில்மேனில் 3-ஆம் பதிப்பையே எடு. 2-ஆம் பதிப்புக்கு வேண்டிய பைத்தான் 2-இன் ஆதரவு 2020 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது.

செய்தி மட்டும் என்றால் லிஸ்ட்மாங்க் போதும். கைலாஷ் நாத் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். ஒரே நிரல் கோப்பு, ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அவ்வளவுதான்.

பட்டியல் ஐந்நூறிலிருந்து ஐம்பதாயிரமாக வளரும்போது கணினியின் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதே. பெறும் பக்கம் உன்னை நம்புகிறதா என்பதுதான் கேள்வி. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர், அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிமெயில். செய்திமடலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். எரிதம் என்ற புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர் சலித்துப்போனாலே எல்லை வந்துவிடும்.

விவாதப் பட்டியலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தலைப்பிலும் அடியிலும் பட்டியல் எதையாவது சேர்த்தால் டிகிம் கையொப்பம் முறியும். 2014 ஏப்ரலில் யாகூ தன் டிமார்க் கொள்கையைக் கடுமையாக்கியபோது பல பட்டியல்கள் இதனால்தான் தடுமாறின. அனுப்புநர் முகவரியைப் பட்டியலின் முகவரியாக மாற்றும் அமைப்பு மெயில்மேனில் இருக்கிறது, அதை இயக்கிவிடு.

புதிய ஐபி முகவரியிலிருந்து சில நூறு மடல்களில் தொடங்கி, வாரம் வாரமாகக் கூட்டு. மடல் திரும்பி வரும் முகவரிகளை மென்பொருளே நிறுத்தும்படி அமை. பழைய பதிவேட்டிலிருந்து முகவரிகளை அள்ளிப் போடாதே. உறுதிப்படுத்தும் இணைப்பைச் சொடுக்கியவர்களை மட்டும் சேர். சின்னப் பட்டியலானாலும் அதுதான் பலம்.

நாளை மென்பொருளை மாற்ற வேண்டிவரும். முகவரிகளோடு, யார் எப்போது சம்மதித்தார், யார் விலகினார் என்பதையும் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று இப்போதே சோதித்துப் பார். விலகியவருக்குப் புதிய மென்பொருளிலிருந்து ஒரு மடல்கூடப் போகக் கூடாது.

அன்புடன்,
அண்ணன்