ஐ.எல்-6 பரிசோதனை: இரண்டு சாட்சிகள் சொல்லும் எண்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களோடு ரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் வருகின்றன. கொரோனா காலத்திலிருந்து அவற்றில் 'ஐ.எல்-6' என்ற ஒரு வரியையும் பார்க்கிறோம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு பார்க்கும் சாதாரணப் பரிசோதனைகளைவிட இதற்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். எண் கூடியிருக்கிறது என்றால் வீடே கலங்கிவிடுகிறது. வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகிறது. இந்தப் பரிசோதனை எதை அளக்கிறது, எப்படி அளக்கிறது, அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இம்மாதம் படிப்போம்.

1. எதை அளக்கிறார்கள்?

உடம்பில் கிருமி நுழைந்தாலும் காயம் பட்டாலும், அந்த இடத்திலுள்ள செல்கள் மற்ற செல்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தியைச் சுமந்து செல்லும் புரதங்களில் ஒன்றுதான் இன்டர்லூக்கின்-6. சுருக்கமாக ஐ.எல்-6. இந்தச் செய்தி மூளைக்குப் போனால் காய்ச்சல் வருகிறது. கல்லீரலுக்குப் போனால் அது சி.ஆர்.பி. என்ற வேறொரு புரதத்தைச் சுரக்கிறது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் கிஷிமோட்டோ, ஹிரானோ ஆகியோரின் குழு 1986-ல் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது.

அளவோடு இருந்தால் இந்தச் செய்தி நன்மை. அளவு மீறினால், கிருமியை எதிர்க்க எழுந்த படை சொந்த நுரையீரலையே தாக்கத் தொடங்குகிறது. கொரோனாவில் சிலருக்கு நடந்தது இதுதான்.

நலமாக இருப்பவரின் ரத்தத்தில் இது மிக மிகக் குறைவு. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் ஒரு முறையில், ஒரு மில்லி லிட்டருக்கு 7 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு என்கிறார்கள். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். நம் பேச்சிப்பாறை அணை நிரம்பிக் கிடக்கும்போது அதில் ஒரு கிலோவுக்கும் குறைவான உப்பைக் கரைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து உப்பின் அளவைச் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? ஏறத்தாழ அந்த வேலையைத்தான் ஆய்வகம் செய்கிறது.

2. எதை வைத்துப் பிடிக்கிறார்கள்?

ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஐ.எல்-6-ஐ மட்டும் பிடிக்க மோனோகுளோனல் ஆன்டிபாடி பயன்படுகிறது. ஆன்டிபாடி என்பது அந்நியப் பொருளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள். மனித ஐ.எல்-6-ஐச் சுண்டெலிக்கு ஊசி மூலம் செலுத்தினால், எலியின் உடம்பு அதை அந்நியமாகக் கண்டு பலவகை எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றை உண்டாக்கும் செல்கள் மண்ணீரலில் இருக்கும். ஆனால் வெளியே எடுத்தால் சில நாள்களில் இறந்துவிடும்.

இதற்கு 1975-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் என்ற இருவரும் வழி கண்டார்கள். மண்ணீரல் செல்லை, ஓயாமல் பெருகும் ஒரு புற்றுநோய்ச் செல்லோடு இணைத்தார்கள். இணைந்த செல் இறக்காமல் பெருகியது, எதிர்ப்பொருளையும் சுரந்தது. அப்படிப்பட்ட ஒரே ஒரு செல்லைப் பிரித்து வளர்த்தால், அதன் சந்ததி முழுவதும் அச்சு மாறாமல் ஒரே எதிர்ப்பொருளைத் தரும். மோனோகுளோனல் என்ற பெயருக்கு இந்த 'ஒரே வம்சம்' என்பதே பொருள். 1984-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உலகின் எந்த ஆய்வகமும் கட்டணமின்றி அதைக் கையாள முடிந்தது.

3. இரண்டு சாட்சிகள்

நிக்காஹ்வுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பதை நாம் அறிவோம். இந்தப் பரிசோதனையும் ஒரு சாட்சியோடு நிற்பதில்லை. முதல் எதிர்ப்பொருளைத் தட்டின் அடியில் ஒட்டி வைத்திருப்பார்கள். அதன் மேல் நோயாளியின் சீரத்தை ஊற்றினால், அதிலுள்ள ஐ.எல்-6 மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவி விடுவார்கள். பிறகு இரண்டாவது எதிர்ப்பொருளை ஊற்றுவார்கள். அது ஐ.எல்-6-இன் வேறொரு பக்கத்தைப் பிடிக்கும். நிறமோ ஒளியோ தரும் பொருள் அதோடு இணைந்திருக்கும். இரண்டும் ஒரே புரதத்தைப் பிடித்தால்தான் நிறம் தெரியும். நிறம் கூடக் கூட ஐ.எல்-6 கூடுதல் என்று பொருள். எலைசா எனப்படும் முறை இதுவே.

4. சாட்சி எங்கே பிசகும்?

முடக்குவாதம் உள்ள பலரின் ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற பொருள் இருக்கும். நடுவில் ஐ.எல்-6 இல்லாமலேயே அது இரண்டு எதிர்ப்பொருள்களையும் சேர்த்துப் பிடித்துவிடலாம். அப்போது எண் பொய்யாகக் கூடிக் காட்டும்.

ரத்தம் எடுத்த பின் சீரத்தைப் பிரிக்கத் தாமதமானாலும் எண் மாறலாம். ஒரு நிறுவனத்தின் கிட் தரும் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. நேற்று ஒரு லேபிலும் இன்று வேறொரு லேபிலும் பார்த்துவிட்டு 'கூடிவிட்டது' என்று பதறுவதில் பொருளில்லை.

எண் சரியாகவே இருந்தாலும், அது 'அழற்சி இருக்கிறது' என்று மட்டுமே சொல்லும். ஏன் என்று சொல்லாது. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, அறுவை சிகிச்சை, கடும் உடற்பயிற்சி எதிலும் ஐ.எல்-6 கூடும்.

5. 2021 தந்த பாடம்

டோசிலிசுமாப் என்ற மருந்தும் ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடிதான். செல்களில் ஐ.எல்-6 வந்து அமரும் இடத்தை அது அடைத்துவிடும். கொரோனா இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல், மே மாதங்களில் நாடெங்கும் அதற்குத் தட்டுப்பாடு. கள்ளச் சந்தையில் பல மடங்கு விலை. ஐ.எல்-6 எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் ஊர் ஊராக அந்த மருந்தைத் தேடின.

ஆனால் மருத்துவ ஆதாரம் சொன்னது வேறு. பிரிட்டனின் ரிகவரி ஆய்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இந்த மருந்து சோதிக்கப்பட்டது. இறப்பு நூற்றுக்கு 35 என்பது 31 ஆகக் குறைந்தது. அந்த நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க அவர்கள் பார்த்தது ஐ.எல்-6 எண்ணை அல்ல. ஆக்சிஜன் குறைவையும் சி.ஆர்.பி. அளவையும்தான். ஐ.எல்-6 சொல்லித்தான் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது என்று மேலே பார்த்தோம். மலிவான அந்தப் பரிசோதனையே போதுமானதாக இருந்தது. அதே ஆய்வு, விலை குறைந்த டெக்சாமெத்தசோன் மாத்திரையும் உயிர் காக்கும் என்று 2020-லேயே காட்டியிருந்தது.

2021 ஏப்ரலில் எய்ம்ஸ், ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட வழிகாட்டுதலும், நிலைமை மோசமானால், வசதி இருந்தால் ஐ.எல்-6 பார்க்கலாம் என்றுதான் கூறியது. ஸ்டீராய்டு கொடுத்தும் தேறாதவர்களுக்கு, காசநோய், பாக்டீரியா, பூஞ்சைத் தொற்று இல்லை என்றால் மட்டுமே டோசிலிசுமாப் என்று வரம்பிட்டது. அந்த ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அந்த மருந்துக்கு வரியை நீக்கியது, ஐ.எல்-6 கிட்களுக்கு 12 விழுக்காட்டை 5 ஆகக் குறைத்தது.

6. எலி என்பதால் தயக்கமா?

பரிசோதனையில் எலியின் எதிர்ப்பொருள் நம் உடம்புக்குள் வருவதில்லை. நம் ரத்தம்தான் தட்டுக்குப் போகிறது. டோசிலிசுமாப் மருந்து, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹாம்ஸ்டர் செல்களில் தயாராகிறது. இதில் மார்க்கரீதியான சந்தேகம் உள்ளவர்கள், மருத்துவரிடம் விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு நம்பகமான ஆலிமிடம் காட்டித் தெளிவு பெறுங்கள். தாமாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

7. நாம் செய்ய வேண்டியது

• ஐ.எல்-6 பார்க்கச் சொன்னால், 'இதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா? சி.ஆர்.பி. போதாதா?' என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

• முடக்குவாதம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

• மறுபடி பார்க்க வேண்டுமானால் அதே லேபில் பாருங்கள்.

• டோசிலிசுமாப் போட்ட பிறகு ரத்தத்தில் ஐ.எல்-6 எண் கூடத்தான் செய்யும். அமரும் இடம் அடைபட்டதால் அது ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

• முடக்குவாதத்துக்காக அந்த மருந்தை எடுப்பவர்களுக்குக் கிருமித் தொற்று வந்தாலும் சி.ஆர்.பி. கூடாமல் இருக்கலாம். சாதாரணக் காய்ச்சல்தானே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

• நகையை அடகு வைக்கும் முன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

ஜகாத்தும் சதக்காவும் அமானிதம். அதில் ஒரு ரூபாய் தேவையில்லாத பரிசோதனைக்குப் போனால், தேவையான மருந்துக்குக் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அது குறைகிறது. ஆகவே இனி மருத்துவ உதவி விண்ணப்பத்தோடு பரிசோதனை அறிக்கையை மட்டும் தராமல், அது ஏன் தேவைப்பட்டது என்று மருத்துவர் எழுதிய ஒரு வரியையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அறிக்கையைப் புரிந்துகொள்ள உதவி வேண்டுவோர் அலுவலகத்துக்கு வாருங்கள்; இன்ஷா அல்லாஹ் சேர்ந்து படிப்போம்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.