வேர் முடிச்சு கற்பிக்கும் பாடம்

இளம் ரப்பர் மரங்களின் வரிசைகளுக்கிடையே பியூரேரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகள் நிலத்தைப் போர்த்திப் படர்வதைத் தோட்ட மக்கள் அறிவர். அவை மண் அரிப்பைத் தடுக்கின்றன, களையை அடக்குகின்றன. இவற்றினும் பெரிய பணியொன்று மண்ணுக்கடியில் நடைபெறுகின்றது.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடிகளின் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டு. அவை நோயல்ல, ரைசோபியா எனப்படும் நுண்ணுயிர்களின் குடியிருப்புகளாகும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் வாயு இருப்பினும், செடி அதனை நேரே உட்கொள்ள இயலாது. நுண்ணுயிர் அதனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றது; செடியோ தான் ஆக்கிய உணவில் ஒரு பங்கினை அதற்கு அளிக்கின்றது. 1888ஆம் ஆண்டில் பெயரிங்க் என்னும் டச்சு அறிஞர் இந்நுண்ணுயிரை முடிச்சிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்.

இத்திறன் நுண்ணுயிருக்கு எவ்வாறு வாய்த்தது? ஒவ்வோர் உயிரும் செய்யவேண்டிய தொழில்கள் அதன் மரபணுக்களில் எழுதப்பட்டுள்ளன. தாயிடமிருந்து சேய்க்கு வருவதே அவற்றின் பொதுவழி. நுண்ணுயிர்களுக்கோ வேறொரு வழியும் உண்டு. அண்டையில் வாழும் அயல் நுண்ணுயிரிடமிருந்தும் அவை மரபணுக்களைப் பெறக்கூடும்.

இதற்கு நியூசிலாந்து சான்றளித்தது. அங்கு ஒட்டாகோ வட்டாரத்தில், லோட்டஸ் என்னும் தீவனப் பயற்றுச் செடிக்கேற்ற ரைசோபியா இல்லாத நிலமொன்றில், நுண்ணுயிர் கலந்த விதைகளை ஊன்றினர். ஏழாண்டுகளுக்குப் பின் முடிச்சுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றில் குடியிருந்தவை, விதையோடு வந்தவை அல்ல. அம்மண்ணுக்கே உரிய நுண்ணுயிர்கள்! வந்த விருந்தினரிடமிருந்து ஏறத்தாழ 5,00,000 எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுதியை அவை ஒருசேரப் பெற்றிருந்தன. 1995, 1998ஆம் ஆண்டுகளில் சல்லிவன், ரான்சன் ஆகியோரும் உடனாய்ந்தோரும் இதனை வெளியிட்டனர். அத்தொகுதிக்குக் ‘கூட்டுவாழ்வுத் தீவு’ என்று பெயர்.

எனினும், தொழிலின் ஏட்டைப் பெற்றவரெல்லாம் தொழிலில் வல்லவராகிவிடுவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பிசெருலா என்னும் தீவனச் செடியிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்ததென 2006இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆங்குப் புதிதாகத் தோன்றிய நுண்ணுயிர்களுட் சில, முடிச்சிட்டனவேயன்றித் தழைச்சத்தினைச் சரிவர ஆக்கவில்லை. அவை செடியின் உணவை உண்டு, கைம்மாறு செய்யாத விருந்தினராயின.

ஆகவே, முடிச்சு இருப்பது மட்டும் போதாது. அது உழைக்கவும் வேண்டும். இதனை அறிவது எளிது. பசுமையாய்ச் செழித்து வளரும் கொடியொன்றை வேர் அறாமல் தோண்டி எடுத்து, முடிச்சினை நகத்தால் பிளந்து பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாயின் அது உழைக்கின்றது. வெண்மையோ பச்சையோ ஆயின் பயனில்லை. மிக இளையதும் முதிர்ந்து ஓய்ந்ததும் அவ்வாறே தோன்றுமாதலின், பல முடிச்சுகளைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

நுண்ணுயிர் கலந்த விதையை வெயிலில் வைக்காது நிழலிற் காத்து, காலந்தாழ்த்தாமல் ஊன்றுங்கள். வீட்டுத் தோட்டத்துப் பயற்றஞ்செடிக்கும் இப்பாடம் பொருந்தும். கண்ணுக்குப் புலப்படாத இவ்வுழைப்பாளிகளைப் பேணுவோர்க்கு உரச்செலவு குறையும். மண்ணும் வளம் பெறும்.