முகநரம்பும் பனைமர நிழலும்

எங்கள் அஞ்சுகிராமத்தில் மாலை வெயிலுக்கு நேராக, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பனைகள் நின்றால் சுவரில் ஒரே நிழல்தான் விழும். வெயிலின் திசை மாறியதும் நிழல் இரண்டாகப் பிரியும். சாதாரண எக்ஸ் கதிர்ப் படமும் இத்தகைய நிழலே. முன்னும் பின்னும் உள்ள எலும்புகள் அதில் ஒன்றாகப் படிந்துவிடும்.

இதனால் வரும் இடர் என்ன? நாம் சிரிக்கவும் கண்ணை மூடவும் உதவுவது முகநரம்பு. காதருகே கெட்டியான எலும்பினுள், சுமார் 3 செ.மீ. நீளமுள்ள வளைந்த குழாய் வழியே அது செல்கிறது. குழாயின் மிகக் குறுகிய பகுதி 1 மி.மீ. அகலம்கூட இல்லை. விபத்தில் எலும்பு முறிந்து நரம்பு நசுங்கினால், சில வேளைகளில் எலும்பைக் குடைந்து அதை விடுவிக்க வேண்டியிருக்கும். கருவி சற்றே விலகினாலும் நரம்பு அறுபடலாம். முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்துவிடும்.

இதற்கு வழி, பல திசைகளில் நிழல் எடுப்பதே. ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவியில் 1971இல் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றிய ஜி.என். இராமச்சந்திரனும் ஏ.வி. இலட்சுமிநாராயணனும், நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் எளிய கணக்கு முறையை வெளியிட்டனர்.

இன்று 1 மி.மீ.க்கும் மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களைக் கணிப்பொறி அடுக்கி முப்பரிமாண உருவமாக்குகிறது. முறிவு எங்கே, குழாய் எங்கே வளைகிறது என்பதை மருத்துவர் முன்கூட்டியே அறிகிறார். நரம்பையே காண எம்.ஆர்.ஐ. படம் துணைசெய்கிறது.

இரண்டு பென்சில்களை நிறுத்தி, டார்ச் விளக்கைச் சுற்றிலும் நகர்த்திப் பாருங்கள். நிழல்களை மட்டும் கொண்டு பென்சில்களின் இடத்தைக் கூற, குறைந்தது எத்தனை திசைகள் வேண்டும்?