அடி வாங்கப் போகும் ஞாயிறு

டிரையத்லான்காரர்களுக்குக் கூட்டத்தோடு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று ரோடு சைக்கிள்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் நியாயம் இருக்கிறது. எங்கள் விளையாட்டின் விதியே அப்படி. அயர்ன்மேன் வகைப் போட்டிகளில் என்னைப் போன்ற வயதுப் பிரிவுக்காரர்கள் முன்னால் போகிறவரிடமிருந்து 12 மீட்டர் விலகியே ஓட்ட வேண்டும். அந்த எல்லைக்குள் நுழைந்துவிட்டால் 25 வினாடிக்குள் அவரைத் தாண்டிப் போய்விட வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்தால் தண்டனை. 2019-இல் கோவாவில் தொடங்கிய 70.3 என்னும் அரை அயர்ன்மேன் போட்டியில் 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். அந்தத் தொண்ணூறும் தனி ஆளாக மிதிக்க வேண்டிய தொண்ணூறு. அதனால் பயிற்சியும் தனியாகவே நடந்துவிடுகிறது.

தேவிகாபுரத்தில் இருந்துகொண்டு இதற்குப் பழகுகிற எனக்குத் தனிமைக்குப் பஞ்சமே இல்லை. நீச்சல் கழனிக் கிணற்றில். ஓட்டம் கனககிரி மலையடியில். நீளமாக ஓட வேண்டுமென்றால் திருவண்ணாமலைக்குப் போய் 14 கி.மீ. கிரிவலப் பாதை. மற்ற நேரமெல்லாம் பட்டுத் தறி. "தினம் தறி மிதிக்கிறவனுக்கு சைக்கிள் மிதிக்கிறது பெரிய வேலையா?" என்று ஊரில் கேட்பார்கள். பெரிய வேலைதான். குழித்தறியில் குனிந்தே உட்கார்ந்திருப்பதால் இடுப்பின் முன்பக்கத் தசை இறுகிவிடும். அதே இறுக்கத்தோடு சைக்கிளில் ஏறிக் குனிந்தால் அரை மணி நேரத்தில் கீழ்முதுகு தன் கணக்கைக் கேட்கும். ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் இடுப்பையும் தொடையையும் நீட்டித் தளர்த்திக்கொள்கிறேன். நாற்காலியில் நாளைக் கழிக்கிற யாருக்கும் இதையே சொல்வேன்.

ஞாயிறு விடியலில் போளூரில் சேர்கிற சைக்கிள் கூட்டம் வேறு உலகம். ஆரணி, சேத்துப்பட்டு, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வருவார்கள். கல்லூரிப் பையன்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், விடுமுறையில் வந்த ராணுவக்காரர் ஒருவர். முதல் சில கிலோமீட்டர் ஊர்க்கதை. டவுனைத் தாண்டியதும் யாரோ ஒருவர் கியரை மாற்றுகிற சத்தம் கேட்கும். அதோடு பேச்சு நின்றுவிடும்.

இந்த ரைடை ரசிக்க வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே மனத்துக்குள் ஒரு தீர்மானம் வேண்டும்: இன்றைக்கு அட்டவணை கிடையாது. தனியாகப் பழகுகிற டிரையத்லான்காரன் இதயத் துடிப்பையும் வாட் கணக்கையும் பார்த்துப் பார்த்து ஒரே சீராக மிதித்துப் பழகியவன். கூட்டம் சீராகப் போகாது. ஒரு நிமிடம் மூச்சு முட்டும், அடுத்த மூன்று நிமிடம் கால் சும்மா சுற்றும், திரும்பவும் முட்டும். அந்த நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து "என் அளவு தாண்டிவிட்டதே" என்று கவலைப்படுகிறவர் ரைடையும் கெடுத்துக்கொள்வார், பயிற்சியையும் கெடுத்துக்கொள்வார். அளவோடு ஓட்ட வாரத்தில் வேறு நாள்கள் இருக்கின்றன. ஞாயிறு அடி வாங்குவதற்கு.

அடியைக் குறைவாக வாங்குவதற்கு வழி இருக்கிறது. அது காற்றைப் புரிந்துகொள்வது. சமதளச் சாலையில், காற்றில்லாத நாளில்கூட, நம் உழைப்பின் பெரும்பகுதியைத் தின்பது காற்றுத் தடைதான். வேகம் ஏற ஏற அதற்குக் கொடுக்க வேண்டிய சக்தி மும்மடிக் கணக்கில் ஏறும். 30 கி.மீ. வேகத்தில் போகிறவர் 36-க்குப் போக வேண்டுமானால் வேகம் கூடுவது 20 சதவீதம். காற்றுக்குக் கொடுக்கும் சக்தியோ 70 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் இந்தச் செலவில் கணிசமான பங்கு மிச்சம். 2018-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட சைக்கிள் கூட்டத்தை ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுவயிற்றில் இருப்பவர் மீதான காற்றுத் தடை, தனியாகப் போகிறவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கிற எங்கள் கூட்டத்தில் அவ்வளவு சொகுசு கிடைக்காது. ஆனாலும் தனியாக என்றைக்கும் தொட முடியாத வேகத்தில், பக்கத்து வயல் பின்னால் ஓட, பத்துப் பேரோடு ஒரே ஓசையில் போகிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே நான் போகிறேன்.

புதிதாக வருகிற டிரையத்லான்காரரை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். கூட்டத்துக்கு ஓரமாக, இரண்டு மீட்டர் விலகி, முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு வருவார். எங்கள் பையன்கள் விடமாட்டார்கள். "இன்னாண்ணா, காத்துலயே வரீங்க? உள்ள வாங்க!" உள்ளே போவதற்குப் பயம் இருக்கத்தான் செய்யும். முதல் சில வாரம் ஒரு சைக்கிள் நீளம் விட்டே போகலாம். நம்பிக்கை வர வர அரை மீட்டருக்கு நெருங்கலாம். கண் முன்னவரின் டயர் மேல் இருக்கக் கூடாது. அவருடைய இடுப்பையும் தோளையும் தாண்டிச் சாலையைப் பார்க்க வேண்டும். நம் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் ஏறவே கூடாது. அவர் லேசாக விலகினாலும் விழுவது நாம்தான். திடீர் பிரேக் வேண்டாம். வேகம் கூடிவிட்டால் மிதிப்பதை நிறுத்தி உடம்பைச் சற்று நிமிர்த்தினால் போதும், காற்றே பிடித்து நிறுத்தும்.

ஹேண்டில் மேல் மாட்டும் ஏரோ பாரில் முழங்கையை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வருவதை நான் ஏற்பதில்லை. கை பிரேக்கிலிருந்து எட்டியிருக்கும், திருப்பவும் நேரம் பிடிக்கும். அதை மாட்டாமலே வருவது உத்தமம்.

முன்னால் போய்க் கூட்டத்தை இழுக்கிற முறை வரும்போதுதான் ஆணவம் வேலை செய்யும். வலுவானவன் என்று காட்ட வேகத்தைக் கூட்டிவிட்டு, இறங்கி வந்து கடைசி ஆளின் சக்கரத்தைப் பிடிக்க முடியாமல் அறுந்துபோகிறவர்கள் ஏராளம். வந்த வேகத்திலேயே அரை நிமிடம் இழுங்கள். மூச்சு திணறும் முன்பே விலகுங்கள். கடைசி ஆள் நம்மைத் தாண்டும் முன்பே மிதிக்கத் தொடங்கிவிட வேண்டும். தாண்டிய பிறகு தொடங்கினால் அந்த இடைவெளியை மூடவே பாதி உயிர் போகும். கால் செத்திருக்கிற நாளில் ஒருமுறைகூட இழுக்காமல் பின்னாலேயே இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னால் ஒட்டியே வந்துவிட்டுக் கடைசியில் பாய்ந்து முதலில் போய் நிற்பவர்தான் வெட்கப்பட வேண்டும். எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். எங்களிடமும் இருக்கிறார். டீக்கு அவரைத்தான் காசு கொடுக்க வைப்போம்.

ஜமுனாமரத்தூர் ரோட்டில் ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும்போது கணக்கு மாறிவிடும். ஏற்றத்தில் பத்து, பன்னிரண்டு கி.மீ. வேகத்தில் முன்னவர் மறைப்பு அநேகமாக உதவாது. அங்கே எதிரி புவியீர்ப்பு. உடம்பின் எடைக்கு எவ்வளவு சக்தி என்பதுதான் கேள்வி. ஏற்றம் தொடங்கும் இடத்தில் கூட்டத்தின் முன்பகுதியில் இருந்துகொள்வேன். மெதுவாகப் பின்தங்கினாலும் கடைசி ஆளாக ஆவதற்குள் பாதி மலை முடிந்திருக்கும். அதற்கு மேலும் முடியவில்லையா, விட்டுவிட வேண்டியதுதான். அறுந்துபோவது தோல்வி இல்லை. அந்த நொடியிலிருந்து என் சொந்த விளையாட்டு தொடங்குகிறது: தனியாக, சீராக, அளந்து மிதிப்பது. நாற்பதைத் தாண்டிய உடம்பை இருபது வயதுப் பையன்களோடு ஒப்பிட்டு நொந்துகொள்வதற்குப் பதிலாக, போன மாதம் எந்த வளைவில் அறுந்தேன், இந்த மாதம் எந்த வளைவில் என்று பார்ப்பேன். மலைமேல் காத்திருப்பார்கள். காத்திருக்காத கூட்டமாக இருந்தால் வேறு கூட்டம் தேடுங்கள்.

சாப்பாட்டில் கஞ்சத்தனம் கூடாது. கடினமான ரைடில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம், மீதிக்குக் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும். பசித்த பிறகு தின்றால் பயனில்லை. பங்குனி உத்திரத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து வெயில் விளையாட்டில்லை. வெறும் தண்ணீர் போதாது, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில் கட்டாயம்.

நம் சாலைக்கென்று சில வழக்கங்கள் உண்டு. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல்லோ கேழ்வரகோ காயும். விவசாயிகளுக்கு வேறு களம் இல்லை, நாம்தான் வரிசையைச் சுருக்கிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும். தானியத்தின் மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். ஓரத்தில் வைத்திருக்கிற கல் இன்னும் ஆபத்து. கரும்பு டிராக்டருக்குப் பின்னால் காற்று மறைவு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதன் பின்னால் ஒளிகிறவரை எங்கள் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. வர்ணம் அடிக்காத வேகத்தடை, நாய், குழி, எது தெரிந்தாலும் முன்னால் இருப்பவர் கத்த வேண்டும். கேட்டவர் பின்னாலிருப்பவருக்கும் கேட்கும்படி திரும்பக் கத்த வேண்டும்.

வாரத்துக்கு ஒரு கடின ரைடு போதும். அதற்கு முந்தைய நாள் நீள ஓட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள். ரைடு முடிந்து வீட்டுக்கு வந்ததும் இருபது நிமிடம் மெல்ல ஓடிப் பாருங்கள். கால் கட்டையாக இருக்கும், ஆனால் போட்டியில் சைக்கிளை வைத்துவிட்டு ஓடத் தொடங்கும்போது கால் இப்படித்தான் இருக்கும். திங்கட்கிழமை கிணற்று நீச்சல் மட்டும்.

போளூருக்கு வர நினைப்பவர்கள் ஹெல்மெட், மாற்று டியூப், கைப்பம்ப், இரண்டு பாட்டில், பின்விளக்கு ஆகியவற்றோடு வாருங்கள். விடியும் முன்பே கிளம்பிவிடுவோம், தாமதமாக வருகிறவருக்காக டவுனுக்குள் காத்திருக்க மாட்டோம்.